பத்தெழுத்துச் சொல்லும் ஒரு கைப்பேசியும்

(மரக்காணத்தில் ஆசிரியர்களும் தன்னார்வலர்களும் பெற்றோர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



நான் பேசப்போகும் தலைப்பை அவைத் தலைவர் அறிவித்ததும் முன்வரிசையில் சிலர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டீர்கள். சீனப் பிள்ளைகளுக்கு வாசிப்புப் பழக்கும் கருவிகளைப் பற்றி மரக்காணத்தில் என்ன பேச்சு என்று நினைத்திருப்பீர்கள். நியாயமான கேள்வி. வாசிக்கத் திணறும் ஒரு பிள்ளைக்கு எந்தக் கருவி உதவும் என்று கேட்பதற்கு முன், அந்தப் பிள்ளை எந்த எழுத்தில் திணறுகிறது, எந்தப் பேச்சிலிருந்து வந்து திணறுகிறது என்று கேட்க வேண்டும். இதை உலகத்துக்கு ஆணித்தரமாகக் காட்டியவர்கள் சீன மொழி ஆராய்ச்சியாளர்கள். ஆங்கிலத்துக்குச் செய்த மருந்தை அவர்கள் அப்படியே வாங்கி விழுங்கவில்லை. நாமும் விழுங்க வேண்டாம் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

முதலில் பிள்ளையைப் பார்ப்போம். ஐந்தாம் வகுப்புப் பையன். வாய்க்கணக்குக் கேட்டால் பட்டென்று பதில் வரும். இன்றைக்கு எத்தனை மூட்டை உப்பு வாரினார்கள், மூட்டைக்கு என்ன கூலி, அம்மாவுக்கு வரவேண்டிய பாக்கி எவ்வளவு, எல்லாம் விரல் நுனியில். கதை சொல்லச் சொல்லுங்கள், சபை கட்டிப்போட்டது மாதிரி உட்கார்ந்திருக்கும். அதே பையன் கையில் புத்தகத்தைக் கொடுங்கள். உதடு காய்ந்துவிடும். ஒவ்வொரு எழுத்தாக விரல் நகரும். மூன்றாவது வரியில் "டீச்சர், வயிறு வலிக்குது" என்பான். உண்மையிலேயே வலிக்கும்.

அவனுக்கு நாம் வைத்திருக்கும் பெயர் என்ன? மக்கு. சோம்பேறி. "படிப்பு ஏறல, விடுங்க சார், உப்பளத்துக்கு ஒரு கை கூடுதலாச்சு." இந்த வாக்கியத்தை நீங்கள் கேட்டதில்லையா?

1896-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பிரிங்கிள் மோர்கன் என்ற மருத்துவர் 14 வயதுப் பையன் ஒருவனைப் பற்றி ஒரு மருத்துவ இதழில் எழுதினார். கண் சரியாக இருக்கிறது, அறிவு கூர்மையாக இருக்கிறது, வாசிக்க மட்டும் வரவில்லை. பாடம் முழுவதும் வாய்மொழியாகவே நடந்தால் பள்ளியிலேயே கெட்டிக்காரன் இவன்தான் என்று அவனுடைய ஆசிரியர் சொன்னதையும் அந்த மருத்துவர் பதிவு செய்தார். டிஸ்லெக்சியா பற்றிய மருத்துவப் பதிவுகளில் மிகப் பழையவற்றுள் அது ஒன்று. நம் ஊரில் 2007-இல் வந்த 'தாரே ஜமீன் பர்' என்ற இந்திப் படத்துக்குப் பிறகுதான் பலருக்கு அந்தச் சொல்லே தெரியும். டிஸ்லெக்சியா நோய் அல்ல, அறிவுக் குறைவு அல்ல, கண் கோளாறும் அல்ல. எழுத்தையும் ஒலியையும் பொருளையும் மூளை சட்டென்று முடிச்சுப் போடுவதில் உள்ள சிரமம்.

உப்பளம் தெரிந்த உங்களுக்கு இதை எளிதாகச் சொல்லலாம். உவர்நீர் முதலில் ஒரு பாத்தியில் தேங்குகிறது. வெயிலில் கனத்து அடுத்த பாத்திக்கு வருகிறது. கடைசிப் பாத்தியில்தான் உப்புப் பூக்கிறது. நடுவில் ஒரு வரப்பு உடைந்திருந்தால்? கடைசிப் பாத்தியில் ஒன்றும் பூக்காது. யாராவது கடைசிப் பாத்தியைத் திட்டுவீர்களா? வரப்பு எங்கே உடைந்தது என்றுதானே தேடிப்போவீர்கள்? வாசிப்பிலும் அந்தத் தேடல்தான் வேண்டும். அந்த வரப்பு எல்லா மொழியிலும் ஒரே இடத்தில் உடைவதில்லை.

ஆங்கிலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எழுத்து ஒன்று, ஒலி வேறு. அந்த மொழியில் திணறும் பிள்ளை சொல்லைத் தப்பாக வாசிக்கும். தப்பு காதில் விழும், ஆசிரியர் கண்டுபிடித்துவிடுவார். இத்தாலி, ஜெர்மன், ஃபின்லாந்து மொழிகளில் எழுதியபடியே வாசிக்கலாம். அங்கே திணறும் பிள்ளை பெரும்பாலும் சரியாகவே வாசிக்கும், ஆனால் மெதுவாக, மிக மெதுவாக. தப்பு இல்லாததால் யார் கண்ணுக்கும் படாது. இதை நினைவில் வையுங்கள், தமிழுக்கு வரும்போது தேவைப்படும்.

சரி, சீனம்?

அங்கே அகர வரிசை என்று ஒன்று இல்லை. சீனாவில் ஆரம்பப் பள்ளியை முடிப்பதற்குள் ஒரு பிள்ளை சுமார் 3000 எழுத்துகளை அடையாளம் காணவும் 2500 எழுத்துகளை எழுதவும் வேண்டும் என்கிறது அவர்கள் பாடத்திட்டம். நமக்கு 247-ஐ மனப்பாடம் செய்யவே வாய் வலித்தது! ஆனால் அந்த 3000-மும் கண்டபடி கிறுக்கிய படங்கள் அல்ல. பெரும்பாலான எழுத்துகள் இரண்டு துண்டுகளால் ஆனவை. ஒரு துண்டு பொருளைக் காட்டும், மற்றது ஒலியைக் காட்டும். அம்மா என்பதற்கான எழுத்தைப் பாருங்கள். இடப்பக்கம் பெண்ணைக் குறிக்கும் வடிவம், வலப்பக்கம் குதிரையைக் குறிக்கும் வடிவம். அம்மாவுக்கும் குதிரைக்கும் என்ன உறவு? ஒன்றுமில்லை. இரண்டு சொல்லும் ஓசையில் கிட்டத்தட்ட ஒன்று, சுரம் மட்டும் ஏறி இறங்கும். பெண் வடிவம் பொருளைச் சொல்கிறது, குதிரை வடிவம் எப்படி உச்சரிப்பது என்று சொல்கிறது.

இப்படிப்பட்ட எழுத்தில் டிஸ்லெக்சியாவே வராது என்று ஒரு காலத்தில் பெரிய அறிஞர்களே நம்பினார்கள். படம் மாதிரி இருக்கிறது, பார்த்து மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டியதுதானே என்று நினைத்தார்கள். 1982-இல் ஹெரால்ட் ஸ்டீவன்சனும் அவருடைய குழுவினரும் தைவான், ஜப்பான், அமெரிக்கா மூன்று இடங்களிலும் பிள்ளைகளைச் சோதித்து, சீன எழுத்திலும் ஜப்பானிய எழுத்திலும் திணறும் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று காட்டினார்கள். நம்மவர்களும் இதே பாட்டைத்தானே பாடுகிறார்கள்? "தமிழ் எழுதுற மாதிரியே வாசிக்கிற மொழி, அதுல எங்க சார் டிஸ்லெக்சியா? அதெல்லாம் இங்கிலீஷ் மீடியம் வியாதி" என்று ஓர் ஆசிரியரே என்னிடம் சொல்லியிருக்கிறார்.

அடுத்த படி 2004. சியோக் வாய் திங், டான் லி ஹாய் முதலானோர் 'நேச்சர்' இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சீனம் வாசிக்கத் திணறும் பிள்ளைகளின் மூளையைப் படமெடுத்துப் பார்த்தபோது, ஆங்கிலத்தில் திணறும் பிள்ளைகளிடம் சுணங்கும் அதே இடங்கள் அங்கே சுணங்கவில்லை. இடது நெற்றிப் பக்கத்தின் நடுப்பகுதி ஒன்று மந்தமாக வேலை செய்தது. மொழி மாறினால் உடைகிற வரப்பும் மாறுகிறது! அப்படியானால் கருவியும் மாற வேண்டாமா?

மாற்றினார்கள். ஹாங்காங்கில் கானி ஹோ தலைமையில் ஆராய்ச்சியாளர்கள் 2000-ஆம் ஆண்டே சீன மொழிப் பிள்ளைகளுக்கென்று தனிச் சோதனையை உருவாக்கினார்கள். சோதனை சொந்தமாக இருந்ததால் பயிற்சியும் சொந்தமாக அமைந்தது. சீனத்துக்கு ஏற்ற பயிற்சித் திரையில் என்ன நடக்கிறது? எழுத்து முழுசாக வந்து நிற்கும். தொட்டால் துண்டு துண்டாகப் பிரியும். பொருள் துண்டு ஒரு நிறம், ஒலித் துண்டு ஒரு நிறம். பிள்ளை இரண்டையும் சேர்க்க வேண்டும். பிறகு கோடு கோடாக, எந்தக் கோடு முதலில், எது அடுத்தது என்று வரிசை பிசகாமல் விரலால் எழுத வேண்டும். பொருள், ஒலி, கை, மூன்றும் ஒரே நேரத்தில் வேலை செய்கின்றன. ஃபின்லாந்தின் யுவஸ்குலா பல்கலைக்கழகத்தில் ஹெய்க்கி லூட்டினென் குழு உருவாக்கிய 'கிராஃபோகேம்' என்ற விளையாட்டும் சீனத்துக்கு வந்தது. காதில் ஒலி கேட்கும், திரையில் எழுத்துகள் வரும், சரியானதைப் பிடிக்க வேண்டும். பிள்ளை தடுமாறினால் விளையாட்டு தானே எளிதாகும், தேறினால் கடினமாகும். அங்கே அதைப் பின்யினுக்கு, அதாவது ஆங்கில எழுத்தால் சீன உச்சரிப்பை எழுதும் முறைக்கு, அமைத்தார்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன். இன்று நான் சொல்வதில் பெற்றோர்கள் வீட்டுக்கு எடுத்துப்போக வேண்டியது ஒன்று உண்டென்றால் இதுதான்.

டான் லி ஹாய் 2005-இல் ஒரு முடிவை வெளியிட்டார். சீனப் பிள்ளைகளின் வாசிப்புத் திறன் அவர்கள் கையால் எழுதும் திறனோடு பின்னிப் பிணைந்திருக்கிறது என்றார். 2013-இல் அவருடைய குழு இன்னொன்றைச் சொன்னது. சீன நகரங்களில் ஆயிரக்கணக்கான பிள்ளைகளைச் சோதித்தபோது, பின்யின் தட்டச்சில் அதிகமாகப் புழங்கும் பிள்ளைகளின் வாசிப்பு மதிப்பெண் குறைந்திருந்தது, கையால் எழுதிப் பழகும் பிள்ளைகளுடையது கூடியிருந்தது. ஒன்றுக்கு ஒன்று காரணம் என்று இதிலிருந்து அடித்துச் சொல்ல முடியாது, ஆய்வு முறை அப்படி. ஆனால் எச்சரிக்கை மணி கேட்கிறதா இல்லையா? பிள்ளை ஆங்கில எழுத்தில் ஒலியைத் தட்டுகிறது, கருவி சீன எழுத்துகளை வரிசையாக நீட்டுகிறது, பிள்ளை ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறது. எழுத்தை உருவாக்கும் வேலையைக் கருவி எடுத்துக்கொண்டது. உதவி செய்ய வந்த கருவியே, பயிற்சியைப் பிடுங்கிக்கொண்டது.

இப்போது உங்கள் வீட்டுக் கைப்பேசியை எடுங்கள். அதில் தமிழை எப்படித் தட்டுகிறீர்கள்? "எங்க இருக்க" என்பதை ஆங்கில எழுத்தில்தானே? வலிக்கும் வழிக்கும் பலர் தட்டுவது ஒரே நான்கு ஆங்கில எழுத்தை. லகரம், ளகரம், ழகரம் மூன்றும் ஒரே குட்டையில் விழுகின்றன. வாசிப்பில் சிரமமில்லாத பிள்ளை எப்படியோ சமாளிக்கும். திணறுகிற பிள்ளைக்கு எந்தப் பயிற்சி வேண்டுமோ அதைத்தான் இந்தத் தட்டச்சு தட்டிப் பறிக்கிறது.

மாற்று இல்லையா? இருக்கிறது, நாமே செய்து வைத்துவிட்டுக் கண்டுகொள்ளாமல் இருக்கிறோம். 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டி வந்த தமிழ்99 விசைப்பலகை. அதில் 'கொ' வேண்டுமென்றால் முதலில் க, பிறகு ஒ. இரண்டே தட்டல். ஒலியின் வரிசைப்படி விரல் போகிறது, கண்ணெதிரே வடிவம் உருவாகிறது. கணினியில் தமிழ் தட்டச் செய்த பலகை, திணறும் பிள்ளைக்கு எத்தனை நல்ல பயிற்சிக் கருவி என்று யாராவது யோசித்தோமா? இது என் சொந்த யோசனை, ஆய்வு செய்து பார்க்க வேண்டிய யோசனை. மரக்காணத்திலேயே ஓர் ஆசிரியர் பார்க்கலாம்.

இனி நம் எழுத்துக்கு வருவோம். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1. அழகான கணக்கு. ஆனால் 'கொக்கு' என்ற சொல்லைத் திணறும் பிள்ளையின் கண்ணோடு பாருங்கள். இடமிருந்து வலமாக வருகிறது கண். முதலில் தெரிவது என்ன? ஒற்றைக்கொம்பு. அது தனியாக ஒலிக்காது. அடுத்தது க. அதற்கடுத்தது துணைக்கால். வாயோ முதலில் ககரத்தைப் பிடித்து, பிறகு முன்னால் விட்டுவந்த கொம்பையும் பின்னால் வரும் காலையும் சேர்த்து ஒகரமாக்க வேண்டும். கண் போகிற வரிசை ஒன்று, வாய் போகிற வரிசை வேறு. நமக்கு இது இமைப்பொழுதில் நடக்கிறது. அந்தப் பிள்ளைக்கு ஒவ்வொரு முறையும் புதிதாக நடக்கிறது.

இன்னொன்று பாருங்கள். கதைப் புத்தகத்தில் ஒருவன் "கெளம்பு" என்கிறான். பக்கத்துப் பக்கத்தில் 'கௌதாரி' பறக்கிறது. அச்சில் அந்தக் 'கெள'வுக்கும் இந்தக் 'கௌ'வுக்கும் வித்தியாசம் காட்டுங்கள் பார்ப்போம்! நீங்களும் நானும் சொல்லைத் தெரிந்துகொண்டு எழுத்தை ஊகிக்கிறோம். எழுத்தைக் கொண்டு சொல்லைப் பிடிக்க வேண்டிய பிள்ளை என்ன செய்யும்? எழுத்தைத் திருத்துவது நமக்குப் புதிதல்ல. எகர ஏகாரத்தையும் ஒகர ஓகாரத்தையும் பிரித்துக் காட்ட வீரமாமுனிவர் வழி செய்தார். பெரியார் சொன்ன சீர்திருத்தத்தில் ஒரு பகுதியை 1978-இல் அரசு ஏற்றது. நான் இன்னொரு சீர்திருத்தம் கேட்க வரவில்லை, பயப்பட வேண்டாம். கருவி இந்த இடங்களை அறிந்திருக்க வேண்டும் என்கிறேன், அவ்வளவுதான்.

அறிந்திருக்கிறதா? கைப்பேசியில் 'கோழி' என்று தட்டிவிட்டு அழிக்கும் விசையை ஒரு தரம் தொடுங்கள். பல கைப்பேசிகளில் 'ழி' போகாது, மேலே உள்ள சுழி மட்டும் போய் 'ழ' நிற்கும். நமக்கு ஓர் எழுத்து, கணினிக்கு இரண்டு குறிகள். எழுத்து எழுத்தாக ஒளிரவிட்டு வாசிக்கவைக்கும் செயலியை இந்தக் கணக்கு தெரியாதவர் செய்தால், ககரம் ஒரு முறை, அதன் கொம்பு ஒரு முறை என்று தனித்தனியே மின்னும். பிள்ளை இருந்ததையும் இழக்கும். எழுத்துகளுக்கிடையே இடைவெளி கூட்டினால் டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைகளுக்கு வாசிப்பு எளிதாகிறது என்று 2012-இல் இத்தாலிய, பிரெஞ்சுப் பிள்ளைகளை வைத்து ஓர் ஆய்வு வந்தது. நல்ல செய்தி. அதை நாமும் செய்வோம் என்று தமிழில் இடைவெளி கூட்டும்போது கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் விலகிப்போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அடிப்பகுதி தடித்த விசேஷ எழுத்துருக்களும் சந்தையில் உண்டு. ஆங்கிலத்திலேயே அவற்றால் பெரிய பலன் இருப்பதாகத் தெரியவில்லை, விட்டுத்தள்ளுங்கள்.

எழுத்து கைவந்த பிறகும் ஒரு மலை இருக்கிறது. சொல்லின் நீளம். உங்கள் ஊர்ச் சொல்லையே எடுக்கிறேன்: 'உப்பளத்திலிருந்து'. பத்து எழுத்து! ஃபின்லாந்துப் பிள்ளையைப் பற்றிச் சொன்னேனே, தப்பில்லாமல், ஆனால் மிக மெதுவாக வாசிக்கும் பிள்ளை? நம் பையன் அந்த ரகம். 'உ, ப், ப, ள' என்று ஏறிக்கொண்டே போய் 'ந்து'வுக்கு வரும்போது உப்பு மறந்துபோயிருக்கும். ஒவ்வோர் எழுத்தையும் சரியாகச் சொன்னான், சொல் கிடைக்கவில்லை. எத்தனை தப்பு என்று எண்ணும் ஆசிரியர் அவனைத் தேர்ச்சி என்று போட்டுவிடுவார். எத்தனை நொடி என்று எண்ணினால்தான் அகப்படுவான்.

இங்கேதான் சீனத் திரை நமக்குப் பாடம். அவர்கள் எழுத்தைப் பொருள் துண்டும் ஒலித் துண்டுமாகப் பிரித்தார்கள். நாம் சொல்லைப் பிரிக்க வேண்டும். 'உப்பளத்தில்' ஒரு நிறம், 'இருந்து' ஒரு நிறம். முதல் நாள் 'உப்பளம்'. மறுநாள் 'உப்பளத்தில்'. அதற்கடுத்த நாள் முழுச்சொல். தொட்டால் பிரிய வேண்டும், விட்டால் சேர வேண்டும். தமிழ்ச் சொற்களை இப்படிப் பகுத்துக் காட்டும் நிரல்களைப் பல்கலைக்கழகங்களில் ஆண்டுக்கணக்காக எழுதி வருகிறார்கள், பெரும்பாலும் மொழிபெயர்ப்புக்காக. அதே நிரலை ஐந்தாம் வகுப்புப் பையன் பக்கம் திருப்ப வேண்டும்.

நம்மிடம் ஒன்றுமே இல்லை என்று நான் சொல்லவில்லை. மெட்ராஸ் டிஸ்லெக்சியா சங்கம் 1991-இல் சென்னையில் தொடங்கியது. சிங்கப்பூர் டிஸ்லெக்சியா சங்கமும் அதே 1991-இல் வந்தது என்பது ஒரு சுவையான பொருத்தம். அந்த நாட்டை நெடுங்காலம் ஆண்ட லீ குவான் யூ தமக்கே இலேசான டிஸ்லெக்சியா உண்டு என்று வெளிப்படையாகச் சொன்னவர். வளர்ந்த பிறகு சீனம் படிக்க அவர் பட்ட பாடு ஊரறிந்தது. சென்னைச் சங்கம், பேச்சுக் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்காக 'ஆவாஸ்' கருவியைச் செய்த நிறுவனத்தோடு சேர்ந்து ஒரு வாசிப்புச் செயலியைக் கொண்டுவந்தது. புத்தகப் பக்கத்தைப் படம் பிடித்தால் வரி வரியாகத் தரும், தெரியாத சொல்லைத் தொட்டால் குறிப்புத் தரும். நல்ல வேலை. ஆனால் ஆங்கில வாசிப்பை மனத்தில் வைத்துச் செய்த வேலை. மானேசரில் உள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையம் இந்திய மொழிகளுக்கென்றே 'டாலி' என்ற சோதனைத் தொகுப்பை 2015-இல் வெளியிட்டது. முதலில் வந்த மொழிகள் இந்தி, மராத்தி, கன்னடம், ஆங்கிலம். தமிழ் அந்த முதல் பந்தியில் இல்லை.

சட்டம் இருக்கிறது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கற்றல் குறைபாட்டையும் பட்டியலில் சேர்த்துவிட்டது. பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஆள், ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கு என்று சலுகைகள் உண்டு. அந்த விலக்கை வைத்து நகரத்துப் பிள்ளைகள் எந்த மொழியை விடுகிறார்கள் என்று விசாரித்துப் பாருங்கள், மனம் சங்கடப்படும். தமிழ்வழியில் படிக்கும் உங்கள் பிள்ளை எதை விடும்? அறிவியலும் தமிழில், சமூக அறிவியலும் தமிழில், கணக்கில் கேள்வியும் தமிழில். அவனுக்கு விலக்கு போதாது, வாசிப்பு வேண்டும். இந்தச் சலுகைகளுக்கான சான்றிதழ் வாங்க மாவட்டத் தலைநகருக்கு அலைந்தால் ஒவ்வொரு அலைச்சலுக்கும் ஒரு நாள் கூலி போகும் என்பது தனிக் கதை.

இந்தக் கரைக்கு ஒரு பெருமை இருக்கிறது, அதை உங்களுக்கு நினைவூட்டுகிறேன். 2021 அக்டோபர் 27-ஆம் தேதி 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கியது எங்கே? இதோ பக்கத்தில், முதலியார்குப்பத்தில்! கொரோனாவில் மூடிய பள்ளிகள் விட்ட பள்ளத்தை நிரப்ப, மாலை 5 மணிக்கு மேல் வீட்டுத் திண்ணையிலும் மரத்தடியிலும் தன்னார்வலர்கள் பிள்ளைகளைக் கூட்டினார்கள். 2022 ஜூனில் அந்தத் தன்னார்வலர்களின் கைப்பேசி வழியே மாநிலம் முழுக்க ஒரு வாசிப்பு மாரத்தான் நடந்தது. கூகுள் 2019-இல் 'போலோ' என்ற பெயரில் வெளியிட்டு, பிறகு 'ரீட் அலாங்' என்று பெயர் மாற்றிய செயலி அதற்குப் பயன்பட்டது. பிள்ளை சத்தமாக வாசிக்கும், செயலி காது கொடுத்துக் கேட்கும், தடுமாறினால் சொல்லிக்கொடுக்கும். அடித்து உட்கார வைக்காத, சலித்துக்கொள்ளாத, நூறு தரம் கேட்டாலும் அதே குரலில் சொல்கிற ஒரு துணை. திணறும் பிள்ளைக்கு இது சின்ன விஷயமா? வகுப்பே சிரிக்கும்போது, சிரிக்காத ஒன்று பக்கத்தில் இருப்பது சின்ன விஷயமா?

ஆனால் அந்தத் துணைக்குக் காது சரியாக இருக்க வேண்டும். இந்தக் கரையோரத்து மையம் ஒன்றில் ஒரு சிறுமி என் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தாள். எந்தச் செயலி என்பது இங்கே முக்கியமில்லை. திரையில் 'மீன் வாங்கிக்கொண்டு வந்தாள்' என்று இருந்தது. அவள் விரல் வைத்து, மூச்சுப் பிடித்து, "மீனு வாங்கிக்கினு வந்தா" என்றாள். செயலி தவறு என்றது. மறுபடி வாசித்தாள். மறுபடியும் தவறு. அவள் என்னைப் பார்த்து, "நான் சரியாத்தானே சொன்னேன்?" என்றாள். ஆமாம் அம்மா, நீ சரியாகத்தான் சொன்னாய். எழுத்தைப் பார்த்தாய், பொருளைப் பிடித்தாய், உன் வீட்டுப் பேச்சில் சொன்னாய். வாசிப்பின் வேலை பாதிக்கு மேல் முடிந்துவிட்டது. எழுத்துத் தமிழுக்கு ஒரு படி ஏற வேண்டியதுதான் பாக்கி. அந்த ஒரு படியையும், முழுத் தவறையும் பிரித்துக் காட்டத் தெரியாத கருவி அவளுக்கு உதவாது. பக்கத்தில் இருந்த தன்னார்வலப் பெண் பிரித்துக் காட்டினாள். "வாங்கிக்கினு"வை ஒரு தாளில் எழுதி, அதன் கீழே 'வாங்கிக்கொண்டு' என்று எழுதி, எது மாறியது என்று கேட்டாள். சிறுமி 'கினு'வைத் தொட்டாள். அரை நிமிடம்கூட ஆகவில்லை.

அதனால்தான் சொல்கிறேன், குரல் வேண்டும். சென்னை ஐ.ஐ.டி.யில் ஹேமா மூர்த்தி அவர்களின் குழு இந்திய மொழிகளில் எழுத்தைப் பேச்சாக்கும் நிரல்களை ஆண்டுக்கணக்காக உருவாக்கியது. அங்கேயே இயங்கும் 'ஏஐ4பாரத்' குழு பேச்சை எழுத்தாக்கும் வேலையில் இருக்கிறது. இவர்கள் செய்யும் கருவிகளுக்குள் மரக்காணத்துப் பிள்ளையின் குரல் போக வேண்டும். பெரியவர் குரல் போதாது, நகரத்துக் குரல் போதாது, செய்தி வாசிக்கும் குரல் போதவே போதாது. எட்டு வயதுப் பிள்ளை, காற்றடிக்கும் திண்ணையில், இந்த ஊர்ப் பேச்சில் வாசிக்கும் குரல் வேண்டும். யாராவது பதிவு செய்ய வந்தால் கேட்டுக்கொண்டு கொடுங்கள். 2023-இல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 18 வயதுக்குட்பட்டவர் தரவுக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும். எதற்கு, எங்கே வைப்பீர்கள், எப்போது அழிப்பீர்கள் என்று கேட்பது உங்கள் உரிமை. கேட்டால் கோபிக்கிறவருக்குக் கொடுக்காதீர்கள்.

கருவி வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. 1787-இல் சென்னைக்கு வந்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், நம் நாட்டுத் திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைக் கண்டு, எழும்பூரில் தாம் நடத்திய ஆதரவற்றோர் பள்ளியில் அதைப் புகுத்தினார். 1797-இல் லண்டனில் அதைப் புத்தகமாகவும் போட்டார். அதற்கு நூற்றைம்பது ஆண்டுக்குள் அமெரிக்காவில் ஆர்ட்டனும் கில்லிங்ஹாமும் டிஸ்லெக்சியாவுக்கு வகுத்த பயிற்சி முறை என்ன தெரியுமா? கண்ணால் பார், வாயால் சொல், காதால் கேள், விரலால் எழுது. இன்று அந்த முறையில் பயிற்சி தரும் இடங்களில் தட்டில் மணலைக் கொட்டி எழுதச் சொல்கிறார்கள். உங்களுக்குத் தட்டுக்கூட வேண்டாம், வாசலைத் தாண்டினால் கடற்கரை.

ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள் சிறியது. நாளை மூன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்புவரை ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக அழைத்து, மற்றவர் முன்னால் வேண்டாம், தனியாக அழைத்து, ஒரு நிமிடம் வாசிக்கச் சொல்லுங்கள். தப்பை எண்ணாதீர்கள், சொற்களை எண்ணுங்கள். 'உப்பளத்திலிருந்து' மாதிரி நீளச் சொல் நான்கு வையுங்கள். அந்தப் பட்டியலில் கடைசியில் நிற்கும் பிள்ளைகளில், வாய்மொழியில் கெட்டிக்காரர்கள் யார் யார் என்று பாருங்கள். அவர்களைத்தான் தேடிக்கொண்டிருக்கிறோம். அந்தப் பெயர்களைத் தலைமையாசிரியரிடம் எழுத்தில் கொடுங்கள். வட்டார வள மையத்தில் உள்ள சிறப்பாசிரியர் வரும்போது காட்டுங்கள்.

தன்னார்வலர்களே, உங்கள் கைப்பேசியில் தமிழ்99 பலகையை இன்றைக்கே ஏற்றுங்கள். நாளுக்கு ஐந்து சொல், பிள்ளையே தட்டட்டும். சொல்லிக்கொண்டே தட்டட்டும். தட்டியதை மணலில் எழுதட்டும்.

பெற்றோர்களே, ஐப்பசி பிறந்து மழை இறங்கினால் உப்பளத்தில் வேலை நின்றுவிடும், கையில் காசிருக்காது, எனக்குத் தெரியும். அந்த மாதங்களில் பொழுது மட்டும் இருக்கும். அதில் ஒரு நாளைக்குக் கால்மணி நேரம் பிள்ளை பக்கத்தில் உட்காருங்கள். உங்களுக்கு வாசிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. அவன் வாசிப்பதைக் கேளுங்கள். தடுமாறினால் அவசரப்படுத்தாதீர்கள், முடிக்கும்வரை காத்திருங்கள். முடித்ததும் கதை என்ன என்று கேளுங்கள், அவன் சொல்லட்டும்.

நான் சொன்ன ஒரு நிமிட வாசிப்புக்கான சொற்பட்டியல் வாசலில் மேசைமேல் இருக்கிறது. போகும்போது எடுத்துக்கொள்ளுங்கள். தலைவர் மணியைக் காட்டுகிறார். கேள்வி கேட்க நினைப்பவர்கள் இங்கேயே கேட்கலாம், மைக் வேண்டாமென்றால் கீழே வருகிறேன்.